மராய் வாசலில் கேட்ட குரல்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கடலோரன்:
சென்ற ஆண்டு நியூசிலாந்தின் ரொட்டோருவாவில், உடன் பணியாற்றும் மாவோரி நண்பருடைய பாட்டியாரின் தங்கிக்கு, அதாவது இறுதிச்சடங்குக்கு, அவர்களது மராய்க்கு (முற்றமும் கூடமும் சேர்ந்த குலத்தின் பொதுவிடம்) சென்றிருந்தேன். மூன்று நாள் துக்கம், திறந்த பெட்டி, வாசலில் காத்திருக்கும் விருந்தினர் என எல்லாம் இங்குள்ளோர் அறிந்தவையே. நண்பரின் அத்தை கரங்கா என்னும் வரவேற்பு அழைப்பை எழுப்பிய பிறகே நாங்கள் உள்ளே காலெடுத்து வைத்தோம். அவருக்குப் பின்னால், தலையில் பச்சிலை வளையம் சூடிய பேத்தி ஒருத்தி நின்றாள். வயது பதினாறு இருக்கலாம். அவள் குரல் கொடுக்கவில்லை, ஆனால் அத்தை அழைத்த ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுடைய உதடுகள் ஓசையின்றி அசைந்துகொண்டிருந்தன. வழக்கப்படி ஆண்கள் மட்டும் முற்றத்தில் எழுந்து உரையாற்றியபோது அவளுடைய தம்பி அவர்களது இருக்கையின் ஓரத்தில் அமர்ந்திருந்தான். பிறகு சமையற்கூடத்தில் அவளோடு தட்டுத் துடைக்கையில், "தம்பி ஒரு நாள் பேசுவான், உனக்கு மட்டும் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். "அத்தை அழைத்திராவிட்டால் நீங்கள் இன்னும் வாசலில்தான் நின்றிருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். அது விடையா, என் வாயை அடைத்ததா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வடக்குவாசி:
ஒரு மராயைப் பார்த்துவிட்டு மாவோரிப் பெண்கள் பேசக் கூடாதென்று எழுதுவது சரியன்று. கிழக்குக் கரையின் நாத்தி போரௌ குலத்தில் உயர்குடிப் பெண்கள் முற்றத்தில் எழுந்து பேசிய மரபு உண்டு. மூதாதைப் பெண்களின் பெயர் தாங்கிய கிளைக்குலங்களும் கூடங்களும் அங்கே பல. அப்பகுதியில் ஒரு வீட்டில், பத்து வயதுச் சிறுமி தன் வம்சாவளியைப் பாட்டிவழியாக ஒப்பித்ததைக் கேட்டேன். எட்டாம் பெயரில் தடுமாறி நின்றாள். பாட்டி எடுத்துக்கொடுக்கவில்லை, அவளும் அழவில்லை, அறையில் ஒருவரும் அசையவில்லை. பெயர் வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். 2024 ஆகஸ்டு இறுதியில் மாவோரி அரசர் மறைந்தபோது, இரண்டு அண்ணன்மார் இருக்க, 27 வயதான ஒரே மகளையே குலத்தலைவர்கள் அரசியாகத் தேர்ந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருதம்:
வடக்குவாசி அவர்களே, அரியணை வேறு, முற்றம் வேறு. 1998இல் வைட்டாங்கி ஊரின் மராயில், நியூசிலாந்தின் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஹெலன் கிளார்க்கைப் பேச அனுமதித்ததை எதிர்த்தவரே ஒரு மாவோரிப் பெண்மணிதான்; எங்கள் பெண்களுக்கு இல்லாத உரிமை வெள்ளைக்காரப் பெண்ணுக்கு எதற்கு என்பது அவருடைய வாதம். ஆகவே கடலோரனின் கேள்வி தவறானதன்று, கேட்ட இடம்தான் தவறு.

நான் மகப்பேற்றுப் பிரிவில் செவிலி. பெண் குழந்தை பிறந்த அன்று, நஞ்சுக்கொடியைக் குடும்ப நிலத்தில் புதைப்பதற்காகப் பாட்டி பெட்டியோடு வந்து நின்றார். நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் மாவோரி மொழியில் ஒரே சொல்: ஃபெனுவா. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே அதற்குரிய மண் முடிவாகியிருந்தது.

பழைய உறுப்பினர்:
புதிதாகச் செல்வோருக்குச் சில சொல்லிவைக்கிறேன். கூடத்துக்குள் காலணி கூடாது. உணவு வைக்கும் மேசைமீது உட்காராதீர்கள். தலை தொடர்பான எதுவும் தபு (புனிதமானது, விலக்குக்குரியது) என்பதால் தலையணைமீதும் உட்காராதீர்கள். பேசுபவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். உள்ளே செல்லும்போது பெண்கள் முன்னே நடப்பார்கள், அமரும்போது முன்வரிசை ஆண்களுக்குரியது. இதில் முரண்பாடு காண விரும்புவோர் முதலில் ஒருமுறை முழுமையாக இருந்து பாருங்கள். அன்பளிப்பை உறையிலிட்டு உங்கள் தரப்புப் பேச்சாளரிடம் கொடுங்கள். இடுகாட்டிலிருந்து வெளிவரும்போது கையில் நீர் தெளித்துக்கொள்ளுங்கள். என் அனுபவம் இவ்வளவே: தெரியாமல் தலையணைமீது அமர்ந்தேன், ஒரு சிறுமி வந்து, எதுவும் சொல்லாமல், நான் எழும்வரை எதிரே நின்றாள்.

கடலோரன்:
நன்றி, ஐயா, காலணியைக் கழற்றிவிட்டுத்தான் சென்றேன். அந்தப் பாட்டியாரின் நினைவுக்கல் திறப்பு அடுத்த மாதம். அத்தைக்கு இப்போது உடல்நலமில்லை என்று நண்பர் சொன்னார். வாசலில் யார் குரல் எழும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.