அயினிப் பலகைத் தளத்துக்குக் காற்றழுத்த ஸ்டேப்ளர் தேர்ந்தெடுத்த அனுபவம்

தக்கலையிலிருந்து:

எங்கள் விளையில் (தோட்டத்தில்) நின்ற அயினி மரம் ஒன்றின் வேர் சுற்றுச்சுவரைத் தள்ளத் தொடங்கியதால், அப்பா காலமான மறு ஆண்டு அதை வெட்ட வேண்டியதாயிற்று. விலைக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. மில்லில் ஓரங்குலப் பலகைகளாக அறுத்து, மழை படாத சாய்ப்பில் இடைக்கட்டை வைத்து அடுக்கி ஒன்றரை ஆண்டு உலரவிட்டோம். பிறகு ஆறு நூல் கனத்துக்கு, அதாவது ஏறக்குறைய 19 மில்லிமீட்டருக்கு இழைத்து, ஓரங்களில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் நாக்கும் காடியும் எடுத்து வாங்கி, மாடியின் இரண்டு அறைகளுக்குத் தளமாக இட்டோம். இந்த வேலையில் பலகையைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது அதைப் பிடித்து நிறுத்தும் கருவியே. இதே வேலையில் இறங்க இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனையைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரத்தளம் புதிதன்று. ஆனால் பழைய மச்சுகளில் பலகை மர உத்திரத்தின் மேல் கிடக்கிறது. ஆணி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது இறங்குவதற்கு அடியில் மரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அடியில் இருப்பது கான்கிரீட். அதன் மேல் ஈரம் தடுக்கும் பாலித்தீன் விரிப்பும், அதற்கு மேல் கான்கிரீட்டோடு திருகாணியால் இறுக்கிய 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டும் மட்டுமே உள்ளன. எந்த ஸ்டேப்ளர், எவ்வளவு நீளக் கால் என்ற கேள்விக்கு விடை இந்த 18 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது என்பதை இரண்டு முறை தவறிய பிறகே புரிந்துகொண்டேன்.

முதல் தவறு, கையில் இருந்த கருவியை வைத்தே வேலையை முடிக்க நினைத்தது. எங்கள் ஆசாரியிடம் பீடிங் அடிக்கிற எஃப் 30 பின் கன் இருந்தது. அதில் 18 கேஜ் பருமனில் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்) 30 மில்லிமீட்டர் வரையிலான ஒற்றைப் பின் போகும். சிறிய அறையின் பாதிக்கு நாக்கின் மேல்மூலையில் அதைச் சாய்த்து அடித்தோம். அடித்தபோது உறுதியாகவே இருந்தது. ஆனி, ஆடி மாதங்களின் சாரல் வந்து பலகை ஈரம் குடித்து விரிந்ததும் ஒவ்வொரு வரிசையாகத் தளர்ந்து, நடந்தால் கிரீச்சிடத் தொடங்கியது. கணக்கு எளிமையானது. 45 பாகையில் சாய்ந்து இறங்கும் ஆணியின் செங்குத்து ஆழம் அதன் நீளத்தில் பத்தில் ஏழு பங்குதான். 30 மில்லிமீட்டர் பின் 21 மில்லிமீட்டர் ஆழம் போகும். அதில் நாக்குக்குக் கீழே பலகைக்குள்ளேயே 11 மில்லிமீட்டர் போய்விடுகிறது. பிளைவுட்டைப் பிடிக்க எஞ்சுவது 10 மில்லிமீட்டர். தலையும் மிகச் சிறியது, உடலும் வழுவழுப்பானது. இதையே சோபா தைக்கும் 1022ஜே ஸ்டேப்ளருக்குப் போட்டுப் பார்த்தால், அதன் மிக நீண்ட 22 மில்லிமீட்டர் பின்கூடப் பிளைவுட்டில் 4 அல்லது 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் தளத்துக்கு அதை வாங்காதீர்கள்.

தளத்துக்கென்றே செய்யப்படும் ஸ்டேப்ளர் முற்றிலும் வேறு கருவி. அதன் அடித்தட்டு பலகையின் மேலும் நாக்கின் மேலும் ஒருசேரப் பதிந்து உட்காரும். எனவே ஒவ்வொரு பின்னும் அதே இடத்தில், அதே சாய்வில் இறங்கும், கைக்கணக்கு தேவையில்லை. முக்கால் அங்குலப் பலகைக்கு அதில் போகும் பின் 15.5 கேஜ் பருமனும், இரண்டு கால்களை இணைக்கும் அரை அங்குல முதுகும் கொண்டது. கால் நீளம் ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை கிடைக்கும். டொராண்டோவில் இருக்கும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே இரண்டு அங்குலப் பின் ஒரு பெட்டி. நீளம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று நம்பி அதையே அடித்தேன்.

அது இரண்டாவது தவறு. இரண்டு அங்குலம் என்றால் 50 மில்லிமீட்டர், செங்குத்தாக 35, பலகைக்குள் 11 போக மீதி 24. பிளைவுட்டோ 18. மிச்சமுள்ள 6 மில்லிமீட்டர் கால் கான்கிரீட்டில் முட்டி மடங்கியது. சில இடங்களில் பிளைவுட்டே சற்று மேலே எழும்பியது. பின்னின் முதுகு நாக்குக்கு மேல் துருத்தி நின்றதால் அடுத்த பலகையின் காடி உள்ளே போய்ச் சேரவில்லை. ஏழு வரிசைகளைக் குறட்டால் பிடுங்கினோம். அப்பா தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தின் பலகைகளில் நான்கு, நாக்கு உடைந்து வீணாயின. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒன்றரை அங்குலப் பின்னை வரவழைத்து அடித்தபோது கால் பிளைவுட்டுக்குள் 16 மில்லிமீட்டர் இறங்கி, கான்கிரீட்டைத் தொடாமல் நின்றது. அன்று முதல் இன்றுவரை இரண்டு மழைக்காலம் கடந்தும் அந்த அறையில் ஓசை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசையை அழுத்தினால் அடிக்கும் வகை, கொட்டாப்புளியால் தட்டினால் அடிக்கும் வகை என இரண்டு உண்டு. நான் இரண்டாவது வகையையே பரிந்துரைப்பேன். தொழிற்சாலைப் பலகை நேராக இருக்கும்; நம் விளையில் வெட்டி, நம் சாய்ப்பில் உலர்ந்த பலகை சற்றேனும் வளைந்திருக்கும். ரப்பர் தலை கொண்ட கொட்டாப்புளியால் ஓங்கித் தட்டும்போது அந்த அடி பலகையை முந்தைய வரிசையோடு நெருக்குகிறது. அதே நொடியில் காற்று பின்னை இறக்குகிறது. விசை வகையில் அந்த நெருக்கத்தை நாமே வேறு வழியில் உண்டாக்க வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

ஐயா, தங்கள் பதிவைப் படித்தேன். நான் தச்சு வேலைக்காரன். வெளிநாட்டில் ஏழு ஆண்டுகள் தரைப்பலகை வேலை மட்டுமே செய்தவன். கான்கிரீட் மேல் பதித்த முக்கால் அங்குலப் பிளைவுட்டுக்கு ஒன்றரை அங்குலப் பின் என்பதுதான் அங்கும் நடைமுறை. தாங்கள் பட்டறிந்து கண்டது சரியே.

ஆனால் ஸ்டேப்ளர் எல்லா மரத்துக்கும் பொருந்தாது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அயினி, தேக்கு, ரப்பர் மரம் ஆகியவற்றில் 15.5 கேஜ் பின் தாராளமாக இறங்கும். மிகக் கடினமான மரமாக இருந்தால் இரண்டு கால்களும் ஒருசேர இறங்கும்போது நாக்கு பிளந்துவிடும். அங்கே கிளீட் எனப்படும் முள்வெட்டு ஆணி, அதுவும் மெலிந்த 18 கேஜ் ஆணி, பாதுகாப்பானது. அரை அங்குலத்துக்கும் குறைவான கனமுள்ள, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த தளப்பலகைக்கு 15.5 கேஜ் பின்னை அடித்தால் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகப் புடைப்பு தெரியும். அதற்கு 18 கேஜ் குறுகிய முதுகுப் பின் அடிக்கும் வேறு கருவியே வேண்டும். என் அனுபவத்தில், ஆண்டு முழுதும் ஈரம் ஏறி இறங்கும் நம் ஊரில், மரம் அசையும்போது கிளீட் அதற்குச் சற்று இடம் கொடுக்கிறது. ஸ்டேப்ளரின் ஆதாயம், கருவியும் பின்னும் விலை குறைவு என்பது. எனவே பின், கிளீட் இரண்டையும் ஏற்கும் கருவி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஃப்ரீமேன், டிவால்ட் ஆகிய இரு நிறுவனங்களும் அத்தகைய கருவிகளைச் செய்கின்றன.

ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். பலகையின் இரு நுனிகளுக்கு அருகிலும் ஒவ்வொரு பின் கட்டாயம் வேண்டும். சுவரை ஒட்டிய முதல் வரிசைக்கும் கடைசி வரிசைகளுக்கும் இந்தக் கருவி நுழையாது. தாங்கள் குறை சொன்ன அந்தப் பின் கன் அங்கேதான் உதவும்.

குளச்சலிலிருந்து:

எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். நான் வாங்கிய பின்களில் ஒரு பெட்டியைத் திறந்தபடியே கொட்டகையில் வைத்துவிட்டேன். ஆறு மாதத்தில் துரு ஏறி, பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கருவிக்குள் சிக்கின. துத்தநாகப் பூச்சுள்ள பின்னையே கேட்டு வாங்கி, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். கம்ப்ரசர் தொட்டியில் சேரும் நீரை ஒவ்வொரு நாள் மாலையும் அடித்திருகைத் திறந்து வடித்தாக வேண்டும். நம் ஊர்க் காற்றில் அது எவ்வளவு சேரும் என்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். காலையில் வேலை தொடங்குமுன், எண்ணெய் தேவைப்படும் வகைக் கருவியானால், காற்று நுழையும் வாயில் அதற்குரிய எண்ணெயைச் சில சொட்டு விடுங்கள். சிக்கிய பின்னை எடுக்கும்போது ஹோஸைக் கழற்றாமல் கை வைக்க வேண்டாம். என் தம்பியின் விரல் நூலிழையில் தப்பியது.

நாகர்கோவில், வடசேரியிலிருந்து:

பயனுள்ள பகிர்வு. அமெரிக்காவில் உள்ள என் அண்ணன் மகன் கார்த்திகை மாதம் வருகிறான். கருவியைக் கொண்டுவர அவனிடம் சொல்லிவிட நினைக்கிறேன். அங்குள்ள 120 வோல்ட் கருவி இங்கே ஓடுமா? கம்ப்ரசர் எவ்வளவு பெரியது வேண்டும்?

தக்கலையிலிருந்து:

வடசேரி நண்பருக்கு: ஸ்டேப்ளருக்கு மின்சாரமே கிடையாது; காற்று மட்டும்தான். ஆகவே கருவியை அங்கிருந்தும் கம்ப்ரசரை இங்கிருந்தும் வாங்குவது முற்றிலும் சரி. ஒரு பின்னுக்கு ஒரு மூச்சுக் காற்றே செலவாவதால் 24 லிட்டர் தொட்டியுள்ள சிறிய கம்ப்ரசர் எங்களுக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது.

தடங்கல் வேறிடத்தில் வரும். அமெரிக்கக் கருவியின் காற்று வாயில் உள்ள மரை என்.பி.டி. என்னும் அமெரிக்க வகை, நம் கடைகளில் கிடைக்கும் இணைப்பான்கள் பெரும்பாலும் பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் வகை. கால் அங்குல அளவில் முன்னதற்கு அங்குலத்துக்கு 18 மரை, பின்னதற்கு 19. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டு சுற்று ஏறவும் செய்யும். பிறகு இறுகி, எவ்வளவு டெஃப்லான் நாடா சுற்றினாலும் காற்று கசிந்துகொண்டே இருக்கும். நான் அரை நாள் அந்தக் கசிவோடு போராடினேன். கருவியோடு அதற்குரிய ஆண் இணைப்பானையும் அதில் பொருந்தும் பெண் இணைப்பானையும் சேர்த்தே கொண்டுவரச் சொல்லுங்கள். பின்களும் போதிய அளவு வேண்டும். நான் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஏறி இறங்கிய கடைகளில் 15.5 கேஜ் பின் இருப்பில் இல்லை. உங்கள் அடித்தளம் எங்களுடையதைப் போலக் கான்கிரீட்டும் பிளைவுட்டும் என்றால் ஒன்றரை அங்குலம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அழுத்தத்தையும் கவனியுங்கள். கருவியின் கையேட்டில் அளவு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) கணக்கில் இருக்கும், நம் கம்ப்ரசர் முள் பல நேரம் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்று காட்டும். 70 பி.எஸ்.ஐ. ஏறக்குறைய 5 கிலோ. அங்கிருந்து தொடங்கி, வெட்டி எஞ்சிய துண்டுப் பலகையில் அடித்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பின்னின் முதுகு நாக்கின் மூலையில் மரத்தோடு சமமாகப் பதிய வேண்டும். துருத்தினால் காற்று போதாது. நார் கிழிந்து உள்ளே புதைந்தால் காற்று அதிகம். எங்கள் அயினிக்கு ஐந்தரைக் கிலோவில் சரியாக அமைந்தது. உங்கள் மரம் வேறு என்றால் நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகையில் நம் பக்கம் வடகிழக்கு மழை நிற்காது. கருவி வந்துவிட்டது என்பதற்காக அந்த ஈரத்தில் பலகையைப் பதிக்கத் தொடங்க வேண்டாம். பலகைக் கட்டைப் பிரித்து அதே அறையில் அடுக்கி வைத்திருங்கள். தை பிறந்து வெயில் தெளிந்த பிறகு, சுவரோரம் முக்கால் அங்குல இடைவெளி விட்டு முதல் வரிசையை நூல் பிடித்து வையுங்கள். அப்போது நேரம் அமைந்தால் என் கருவியோடு நானும் வருகிறேன்.