சின்ன ஊர்த் திருடன் கதை: சிரிப்பு வருவது கூட்டாளியாலா, களவாலா?

உரைகல்:
சின்ன ஊர்ச் சில்லறைத் திருடர்களை வைத்து எழுதப்படும் நகைச்சுவைகளில் இப்போது களவைக் காணோம். மூன்று பேர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து மச்சான் மச்சான் என்று கலாய்க்கிறார்கள். திருட்டு ஒரு பாட்டுக்குள் முடிந்துபோகிறது. நட்பைக் காட்டினாலே சிரிப்பு தானாக வரும் என்று நம்பி எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சிரிப்பு திருட்டுச் சாமானில்தான் இருக்கிறது: அதன் எடை, அது போடும் சத்தம், அதை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்கிற தலைவலி.

கோயில் உண்டியலையே எடுத்துக்கொள்வோம். உள்ளே பத்தாயிரம் ரூபாய், எல்லாம் ஒற்றை ரூபாய் நாணயம். 2011 வரிசை நாணயம் ஒன்று 3.79 கிராம். ஆக மொத்தம் 37.9 கிலோ. அதே தொகை ஐந்து ரூபாய் நாணயமாக இருந்தால் 12 கிலோ, பத்து ரூபாயாக இருந்தால் எட்டு கிலோகூட வராது. கும்பிடுகிற ஊர் ஏழையாக இருந்தால் உண்டியல் கனக்கும், உள்ளே பணம் இருக்காது. 25 கிலோ அரிசிப் பையில் போட்டால் அடித்தையல் பிரியும். சரி, எப்படியோ கொண்டுவந்தாச்சு. மாற்றுவது எங்கே? டீக்கடை, பெட்டிக்கடை, பஸ் கண்டக்டர். சில்லறைக்குத் தவிக்கிற கடைக்காரர் முதல் நாள் சந்தோஷமாக வாங்கிப் போடுவார். இரண்டாம் நாள் நாணயத்தில் ஒட்டியிருக்கிற குங்குமத்தைப் பார்ப்பார்.

நட்பைப் பற்றி ஒரு வசனமும் இல்லாமல் நாலு காட்சி கிடைத்துவிட்டது.

திண்ணை:
நாலு காட்சி இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த 38 கிலோவைத் தூக்குறது யாரு? கோயில் படியில ரெண்டு பேர் சாக்கைப் பிடிச்சு இறங்கும்போது, கீழ்ப்படியில நிக்கிறவனுக்குத்தான் பாரம் அதிகம். ஏறும்போதும் அப்படியே, கீழே நிக்கிறவன் செத்தான். அப்போ கீழே நிக்கப்போறது யாருன்னு ரெண்டு பேருக்கும் தகராறு வரும். உங்க எடைக் கணக்கைச் சிரிப்பா மாத்துறது அந்தத் தகராறுதான். சாக்கு மட்டும் இருந்தா அது பாரம் தூக்குற காட்சி.

2013ல வந்த 'சூது கவ்வும்' படத்தைப் பாருங்க. நலன் குமாரசாமி இயக்கினது. ஆள் கடத்துற தாஸ் அஞ்சு விதி வெச்சிருக்கான். அந்த அஞ்சு விதியையும் வரிசையாச் சொல்லுன்னா ரசிகர்கள்ல பாதிப் பேர் தடுமாறுவாங்க. ஆனா அவன் கண்ணுக்கு மட்டும் தெரியுற ஷாலுவை யாரும் மறக்கலை. வேலை இல்லாத மூணு பேர் ஒரே அறையில கிடக்கிறதையும் மறக்கலை. ஜனங்க மனசுல நிக்கிறது உறவுதான், செய்முறை இல்லை.

உரைகல்:
விதிகளை வரிசையாகச் சொல்ல வேண்டாம். முதல் விதி நினைவிருக்கிறதா? அதிகாரத்தில் இருப்பவன் மேல் கை வைக்கக் கூடாது. அடுத்து அவர்கள் கடத்துவது யாரை? மந்திரியின் மகனை. படத்தின் பின்பாதி முழுக்க அந்த ஒரு விதி உடைந்ததால் வருகிற வினை. விதியை முதலில் நிறுவாமல் விட்டிருந்தால் நாலு பேர் மாட்டிக்கொண்டு முழிப்பதில் சிரிக்க ஒன்றுமே இல்லை, பரிதாபம்தான் மிஞ்சும். பார்க்கிறவனுக்குத் தொழில் தெரிந்தால்தான் தொழில் கெடும்போது சிரிப்பான்.

வியாழச்சந்தை:
ரெண்டு பேரும் பட்டணத்துப் படத்தை வெச்சு வாதாடிக்கிட்டு இருக்கீங்க. தலைப்பு சின்ன ஊர். அங்க கணக்கே வேற. பட்டணத்துல திருடனுக்கு முகமூடி வேணும். முப்பதாயிரம் பேர் இருக்கிற ஊர்ல எதுக்கு? செருப்புச் சத்தத்தை வெச்சே இன்னார் மகன்னு சொல்லிருவாங்க. யார் எடுத்தான்னு தெரியாம இருக்காது. தெரிஞ்சும் ஏன் யாரும் வாயைத் திறக்கலைங்கிறதுதான் அங்க கதை.

மலையாளத்துல 2002ல வந்த 'மீச மாதவன்', லால் ஜோஸ் படம். மாதவன் ஒருத்தனைப் பார்த்து மீசையை முறுக்கினா அன்னிக்கு ராத்திரி அந்த வீட்ல களவு. திருட்டையே முன்கூட்டி அறிவிச்சாச்சு. ஊருக்கே தெரியும். இது பட்டணத்துல ஒரு நாள் தாங்காது.

நம்ம 'களவாணி', 2010, சற்குணம் எடுத்தது, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை. வெளிநாட்ல இருக்கிற அப்பா அனுப்புற காசு, ஆவணி பொறந்தா மகனுக்கு நல்ல காலம்னு நம்பிக்கிட்டு இருக்கிற அம்மா, பக்கத்து ஊர்ப் பகை, அந்தப் பகைக்காரனோட தங்கச்சி. கூட்டாளிங்க இருக்காங்க. ஆனா கதையைப் பிடிச்சு நிறுத்துறது அந்த அம்மாவோட நம்பிக்கை. சின்ன ஊர்த் திருடனுக்குப் பெரிய துணை அவன் கூட்டாளி இல்லை, அவனை விட்டுக்கொடுக்காத வீடு.

ஆட்டுத் திருட்டை யாரும் சரியா எழுதுறதே இல்லை, அது எனக்குப் பெரிய குறை. ஆட்டைத் தூக்குறது சுலபம், சும்மா இருக்க வைக்கிறதுதான் கஷ்டம். மந்தையை விட்டுப் பிரிஞ்ச ஆடு ராத்திரி முழுக்கக் கத்தும். காதுல வெட்டு அடையாளம் இருக்கும், முதுகுல சாயப் பொட்டு இருக்கும். உள்ளூர்ல விக்க முடியாது. வியாழக்கிழமைன்னா அய்யலூர், சனிக்கிழமைன்னா எட்டயபுரம். விடியறதுக்கு முன்னாடியே வியாபாரம் ஆரம்பிச்சிரும். செவ்வாய்க்கிழமை திருடினவன் அய்யலூர்ச் சந்தை வரைக்கும் ரெண்டு ராத்திரி அந்த ஆட்டை எங்கயாவது வெச்சிருக்கணும், தீனி போடணும், கத்தாம பார்த்துக்கணும். ரெண்டு ராத்திரி தீனி போட்டா ஆடு பழகிரும். சந்தையில ஆட்டுக்காரர் எதிர்ல வர்றப்போ ஆடு யார் பின்னாடி போகும்? உரைகல் கேக்குற தொழிலும் இதுல இருக்கு, திண்ணை கேக்குற உறவும் இருக்கு.

திண்ணை:
ஆட்டுக் காட்சிக்கு ஒரு கும்பிடு. ஆனா அதுவும் உறவுதான்னு நீங்களே சொல்லிட்டீங்க.

இன்னொண்ணு. கும்பல்ல எத்தனை பேருன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? 2013லயே வந்த நவீனோட 'மூடர் கூடம்' நாலு பேர். லாக்கப்ல சந்திச்ச நாலு பேர், அதுல ஒருத்தனோட மாமா வீட்டுக்குள்ளயே நுழையுறாங்க. சட்டத்துல இந்த நாலுக்கு ஒரு அர்த்தம் உண்டு. மிரட்டிப் பறிக்கிறது நாலு பேர் செஞ்சா வழிப்பறி. அஞ்சாவது ஆள் சேர்ந்தா அதே செயல் கூட்டுக்கொள்ளை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். அப்போ "நானும் வர்றேன்டா"ன்னு ஒரு சிநேகிதன் ஆசையா வந்து நிக்கும்போது, வேணாம்னு சொல்றது பாசமா, பங்கு குறையும்ங்கிற பயமா, சட்டமா? அவன்கிட்ட எந்தக் காரணத்தைச் சொல்லுவாங்க? சட்டம் தெரிஞ்ச ஒருத்தன் கும்பல்ல இருந்தா இந்த ஒரு காட்சியை வெச்சே அரை மணி நேரம் ஓட்டலாம்.

உரைகல்:
ஐந்து பேர் கணக்கு சரி. ஆனால் மிரட்டலோ அடிதடியோ இருந்தால்தான் அது பொருந்தும். யாருக்கும் தெரியாமல் உண்டியல் தூக்குவதற்குப் பொருந்தாது. அதை எழுதும்போது கவனமாக இருக்க வேண்டும், பாதிக் கதைகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

சட்டம் என்று வந்தபிறகு இதையும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. திருட்டுக்குப் பழைய 379ஆம் பிரிவு போய் 303 வந்துவிட்டது. அதில் புதிதாக ஒன்று உண்டு: முதல் முறை தண்டிக்கப்படுகிறவன், திருடிய பொருள் ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டான் என்றால் தண்டனை சமூக சேவை. சின்ன ஊர் நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. திருடிய பொருளின் மதிப்பு 4,900 ரூபாயா 5,100 ரூபாயா என்று ஸ்டேஷனில் தகராறு. பறிகொடுத்தவர் கௌரவத்துக்காக விலையை ஏற்றிச் சொல்வார். திருடன் "அது அவ்வளவு பெறாதுங்க, பழசு" என்பான். பத்து வருடப் பழைய சைக்கிளுக்கு இரண்டு பேரும் ரைட்டர் மேசை முன்னால் விலை பேசுவார்கள். இதை இன்னும் யாரும் எழுதாமல் இருப்பது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

படித்துறை:
இவ்வளவு நேரமும் திருடியவனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பறிகொடுத்தவர் இப்போதுதான் சைக்கிள் விலை பேச உள்ளே வந்தார்.

இந்த வகைக் கதைகளின் பெரிய பலவீனம் கூட்டாளி நட்பும் இல்லை, களவு விவரம் இல்லாததும் இல்லை. பறிகொடுத்தவரையும் கதாநாயகியையும் பொம்மையாக வைப்பதுதான். பெண் வருவாள், திருடனைத் திருத்துவாள், அத்தோடு அவள் வேலை முடிந்தது. இதைத் தாண்டியவை குறைவு. 'நானும் ரௌடிதான்' (2015) புதுச்சேரியில் நடக்கிறது. அதில் ரௌடி என்று சொல்லிக்கொள்கிற பாண்டியிடம் காதம்பரி தன் பழிவாங்கும் கணக்கோடு வருகிறாள். அவனைத் திருத்துவது அவள் வேலையே இல்லை, அவனை உண்மையான ரௌடியாக்கப் பார்க்கிறாள். அதனால்தான் அந்த உறவில் சிரிப்பு நிற்கிறது.

இன்னும் மேலே போனது மலையாளத்தில் வந்த 'தொண்டிமுதலும் த்ருக்சாட்சியும்', 2017, திலீஷ் போத்தன் இயக்கியது. காசர்கோடு பக்கம் ஒரு பேருந்தில் போகிற தம்பதியில் மனைவியின் கழுத்துச் சங்கிலியைத் திருடன் ஒருவன் பறித்து விழுங்கிவிடுகிறான். அது வெளியே வருவதற்காக ஸ்டேஷனே காத்திருக்கிறது. திருடன் சொல்லும் பெயரும் பறிகொடுத்த கணவனின் பெயரும் ஒன்று: பிரசாத். படம் நகர நகர யாருக்கும் யாருக்கும் உறவு? திருடனுக்கும் பறிகொடுத்த தம்பதிக்கும். கூட்டாளி ஒருத்தன்கூடக் கிடையாது. திண்ணை, உங்கள் வாதம் இங்கே என்ன ஆகிறது?

திண்ணை:
அடி வாங்கிக்கிறேன். கூட்டாளி இல்லாமலும் நடக்கும். ஆனா எங்கயாவது ஒரு பந்தம் வேணும்னுதான் சொன்னேன், அது இந்தப் படத்துலயும் இருக்கு.

வியாழச்சந்தை:
படித்துறை சொன்னதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சின்ன ஊர்ல பறிகொடுத்தவரும் திருடனும் நாளைக்கு ஒரே கல்யாணப் பந்தியில பக்கத்துப் பக்கத்து இலையில உட்காரணும். ஜாமீன்ல வந்தவன் தினமும் காலையில ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடப் போவான், புகார் கொடுத்தவர் வீட்டைத் தாண்டித்தான் போகணும். முப்பது நாள் கையெழுத்துன்னா முப்பது தடவை முகம் பார்க்கணும். முதல் நாள் முறைப்பு, பத்தாம் நாள் "என்னப்பா, லேட்டா?" இந்த மாற்றத்தை எழுதுங்க.

உரைகல்:
கையெழுத்து யோசனை அருமை. ஆனால் நட்பு விஷயத்தில் நான் இன்னும் இறங்கிவரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். நம் பேச்சில் சிநேகிதனைக் கூப்பிட இரண்டு சொல் உண்டு, மச்சான், பங்காளி. மச்சான் பெண் எடுக்கிற, கொடுக்கிற முறை. கேலி பேசலாம். பங்காளி சொத்தில் பங்கு உள்ளவன். வரப்பில் நின்று அளப்பான், முறைப்பான், கோர்ட்டுக்குப் போவான். சேர்ந்து திருடுகிறவர்கள் உண்மையில் பங்காளிகள். எழுதுகிறவர்கள் அவர்களை மச்சான்களாக்கிவிட்டார்கள். கேலி மிச்சம், கணக்கு போய்விட்டது. 'சூது கவ்வும்' படத்தில் கடத்தப்பட்டவனே பங்கு கேட்கிறானே, அந்த இடம் ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது? பங்காளி உள்ளே வந்துவிட்டான்.

திண்ணை:
இதை முதல் பதிவுலயே சொல்லியிருந்தா நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். சரி, பங்காளியை வெச்சே பேசுவோம். மூணு பேர், மூணு பவுன் சங்கிலி, 24 கிராம். ஆளுக்கு எட்டு கிராம். எப்படிப் பிரிப்பீங்க?

உரைகல்:
முதலில் அது தங்கம்தானா? சின்ன ஊரில் பஸ்ஸில் போகிறவர்கள் பலர் கழுத்தில் கவரிங்தான். கல்லில் உரசி நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பித்தளைக் கோடு பச்சையாகப் பொங்கி மறையும், தங்கக் கோடு நிற்கும். அமிலம் வாங்கப் போனால் எதற்கு என்று கேட்பார்கள்.

தங்கம் என்றே வைப்போம். உருக்கினால் பற்றவைப்பு, அழுக்கு எல்லாம் கழிந்து எடை குறையும். குறைந்ததை எவன் தலையில் எழுதுவது? உருக்க ஒருவர் வேண்டும், அவருக்கும் பங்கு. அடகுக்கடைக்குப் போனால் ஆதார் நகல் கேட்பார்கள். திருட்டு நகை என்று தெரிந்தால் போலீஸ் தொண்டியாக, அதாவது வழக்குக்கான சான்றுப் பொருளாக, எடுத்துக்கொண்டு போய்விடும், கொடுத்த பணம் கடைக்காரருக்கு நட்டம், அதனால் தெரிந்த கடைக்காரர் தெரிந்த திருடனிடம் வாங்கவே மாட்டார். மிச்சம் இருக்கிற வழி, கண்ணி கண்ணியாக எண்ணி வெட்டுக்குறட்டால் மூன்று துண்டு.

படித்துறை:
துண்டு போட்டால் கொக்கி யாருக்கு?

திண்ணை:
கொக்கி கனமா இருக்கும். முதல்ல மூணு பேரும் கேப்பாங்க.

உரைகல்:
முதலில் கேட்பார்கள். கொக்கியில்தான் ஹால்மார்க் முத்திரை இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கிற ஹால்மார்க் நகைக்கு ஆறு இலக்க அடையாள எண் கட்டாயம், எழுத்தும் எண்ணும் கலந்து வரும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நகைக்கடை பதிவு, எந்த மையம் முத்திரை போட்டது என்று வந்துவிடும். வாங்கியவர் பெயர் வராது. ஆனால் சின்ன ஊரில் அந்தக் கடைக்காரருக்கு யார் மகளுக்கு எந்தச் சங்கிலி போனது என்பது நினைவிருக்கும்.

வியாழச்சந்தை:
அப்போ ராத்திரி பத்து மணிக்குக் கொக்கிக்காக அடிச்சுக்கிட்டவங்க, பதினொரு மணிக்கு "நீயே வெச்சுக்க பங்காளி, உனக்குத்தான் கஷ்டம் அதிகம்"னு ஒருத்தன் சட்டைப் பையில ஒருத்தன் திணிப்பாங்க. இப்போ உங்க ரெண்டு பேருக்கும் சம்மதமா?

உரைகல்:
சம்மதம். ஆனால் செயலியை ஃபோனில் இறக்கிப் பார்ப்பது அந்த மூன்றில் யார் என்பதை முதல் காட்சியிலேயே நட்டு வைத்திருக்க வேண்டும்.

படித்துறை:
அந்தச் சங்கிலிக்காரி யார் என்பதையும்.