வத்தாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) ஏன் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை?

உறவுகளே, தாவரவியல் படித்த ஆக்கள் யாராவது உதவுங்கோ. மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன்.

கத்தரிக் குடும்பத்தில் பல இனங்கள் தம் மகரந்தத்தையே மறுக்கும். நிறமூர்த்தத் (குரோமோசோம்) தொகுதி இரண்டு நான்கானால் அந்தத் தடை பெரும்பாலும் உடையும்: ஒரே மகரந்தமணிக்குள் இரண்டு வேறு எஸ் எதிருருக்கள் (மகரந்தத்தின் அடையாளத்தைக் காட்டும் எஸ் மரபணுவின் வடிவங்கள்) சேர்ந்துவிட, தம்பத்தால் (குறிக்குக் கீழுள்ள தண்டால்) அதை மறிக்க முடிவதில்லை. சரி. ஆனால் வத்தாளையில் ஆறு தொகுதிகள், 90 நிறமூர்த்தங்கள். இருந்தும் தன் மகரந்தத்தைக் குறியிலேயே (மகரந்தம் விழும் நுனியிலேயே) முளைக்க விடாது!

கொடித்துண்டு நட்டே பழகிய பிள்ளைகள், "அப்ப விதை எப்படி வரும், சேர்?" என்று விடுவதாயில்லை. வத்தாளையில் மகரந்தமணியின் அடையாளத்தை அதை உண்டாக்கிய தாவரமே தீர்மானிப்பதுதான் காரணமா? வேறு ஏதும் உண்டா? உயர்தர மட்டத்துக்கு விளங்கும் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கோ, தமிழில் என்றால் இன்னும் நல்லம்.