மோல் வோலுக்குப் ‘பல்லகழெலி’: ஒரு பரிந்துரை

அன்புள்ள ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்தில் மோல் வோல் (mole vole) எனப்படும், மண்ணுக்கடியில் வாழும் விலங்குக்குத் தமிழில் ‘மூஞ்சூற்றெலி’ என்ற உங்கள் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. மூஞ்சூறு பூச்சி தின்பது, கொறித்துண்ணி அன்று. நாம் பெயர் தேடும் எல்லோபியஸ் பேரினமோ வேரும் கிழங்கும் தின்னும் கொறித்துண்ணி. வோல், லெம்மிங் எனப்படும் சிறு கொறித்துண்ணிகள் அடங்கிய ஆர்விகோலினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. சிறுத்த கண்களும் மடலில்லாக் காதுகளும் மண்ணடி வாழ்க்கையால் வந்தவை. அவற்றை வைத்து உறவு சொல்லிவிட முடியாது.

ஆங்கிலப் பெயரில் வரும் மோல், மண்ணடியில் வாழும் வேறொரு பூச்சியுண்ணி; அது அகன்ற முன்னங்கால்களால் தோண்டும். இதுவோ முன்னோக்கி நீண்ட வெட்டுப்பற்களால் தோண்டுகிறது. உதடுகள் பற்களுக்குப் பின்புறமாக மூடிக்கொள்வதால் வாய்க்குள் மண் புகாது. எவ்வளவு அழகான அமைப்பு! பெயரில் வரவேண்டியது இதுதான். ஆகவே ‘பல்லகழெலி’ என்கிறேன். ‘பல்லகழி’ சுருக்கமானதுதான், ஆனால் கோட்டை அகழி நினைவுக்கு வரும். காக்கசஸ் மலைப்பகுதியில் வாழும், மோல் வோல் என்றே அழைக்கப்படும் புரோமிதியோமிஸ் நகங்களால் தோண்டுவது. அது துணைக்குடும்பத்தில் வேறொரு கிளை என்பதால் ‘உகிரகழெலி’ (உகிர் என்றால் நகம்) என்று பிரித்துவிடலாம்.

சிற்றினப் பெயர்களில் நிறமோ அளவோ வேண்டாம். எல்லோபியஸின் ஐந்து சிற்றினங்களில் டால்பினஸ், டான்க்ரெய், அலைக்கஸ் மூன்றையும் தோற்றத்தால் பிரிப்பது கடினம்; குரோமோசோம்களே கைகொடுத்தன. டால்பினஸில் 54. டான்க்ரெயில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் 54 முதல் 30 வரை இடத்துக்கு இடம் மாறும்.

பெயரோடு தரும் விளக்கக் குறிப்பில் ‘ஆணுக்கு ஒய் குரோமோசோம் உண்டு’ என்ற வழக்கமான வரியையும் எடுத்துவிட வேண்டும். ஃபஸ்கோகேப்பில்லஸுக்கு மட்டுமே அது பொருந்தும். லூட்டெசென்ஸில் ஆண், பெண் இரண்டுக்குமே 17 குரோமோசோம்கள், ஒரே ஓர் எக்ஸ். 1953-இல் குரோமோசோம் ஆய்வாளர் மாத்தே இதை வெளியிட்டார். மற்ற மூன்றில் இருபாலுக்கும் இரண்டு எக்ஸ். ஒய் இல்லாத இந்த நான்கிலும், பிற பாலூட்டிகளில் ஆண்பாலை முடிவுசெய்யும் எஸ்ஆர்ஒய் மரபணுவும் இல்லை. இந்த விலங்கைப் பற்றி ஒரே வரிதான் எழுத முடியும் என்றால் நான் இதைத்தான் எழுதுவேன்.

தோற்றத்தால் பிரிப்பது கடினம் என்பதால் சிற்றினங்களுக்கு இடப்பெயரே பொருத்தம்: டால்பினஸுக்கு வடக்குப் பல்லகழெலி, ஃபஸ்கோகேப்பில்லஸுக்குத் தெற்குப் பல்லகழெலி, அலைக்கஸுக்கு, மத்திய ஆசியாவின் அலாய் மலைப்பகுதியை வைத்து, அலாய்ப் பல்லகழெலி. டான்க்ரெய்க்கு ‘கிழக்கு’ என்பதா, கசகஸ்தானின் சைசான் பகுதியின் பெயரை வைப்பதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.