செம்பு பாய்லரில் மரத்தூள் கட்டை நின்று எரியவில்லை, உதவுங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் 40 லிட்டர் செம்பு பாய்லர் இருக்கிறது. நடுவில் 5 அங்குலக் குழாய், அடியில் இரும்புச் சல்லடை, கம்பிகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி. இத்தனை வருடமும் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகுதான். இந்த மழையில் விறகு காயவே இல்லை. அதனால் ஜூன் மாதம் மரத்தூளை அழுத்திச் செய்த கட்டை ஒரு மூட்டை வாங்கினேன்.

முதல் பத்து நிமிடம் நன்றாக எரிகிறது. அப்புறம் கட்டை உதிர்ந்து தூளாகி, சல்லடையை மெத்தை போல மூடிவிடுகிறது. கீழ்வாசல் வழியாகப் புகை திரும்பி வருகிறது. முன்பு 20 நிமிடத்தில் கொதித்த தண்ணீர் இப்போது ஒரு மணி நேரமானாலும் வெதுவெதுப்புதான். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்குத் தினமும் காலையில் உடம்பு துடைக்க வெந்நீர் வேண்டும்.

சாம்பலை வாரினேன், புகைக்குழாயைச் சுத்தம் செய்தேன், கட்டையை அடுப்படியில் இரண்டு நாள் வைத்தும் பார்த்தேன். கொட்டாங்குச்சி கலந்தால் பரவாயில்லை, ஆனால் மலையில் அது எப்போதும் கிடைப்பதில்லை. முந்திரி ஓடு போடச் சொன்னார்கள். அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகையும் ஆகாது. அம்மா இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

இந்தக் கட்டை நின்று எரிய, சல்லடைக் கம்பி இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்?