செட்டிங்ஸ் படிக்கும் சி நிரலில் மேக்ரோவா, ஃபங்ஷனா?

ஓசூர்ரோடு:
பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கூரை சோலார் இன்வெர்ட்டரிலிருந்து அளவுகளை எடுத்து சர்வருக்கு அனுப்பும் ஒரு சின்ன கேட்வே பெட்டி. ஆர்ம் போர்டு, லினக்ஸ், முழுக்க சி மொழி. டீமில் ஒரு தம்பி எழுதிய செட்டிங்ஸ் பார்சர் (செட்டிங்ஸ் ஃபைலைப் படித்துப் பிரிக்கும் நிரல்) என் ரிவ்யூவில் நிற்கிறது. ஆபீஸ் நிரலை இங்கே ஒட்ட முடியாது, வாயால் சொல்கிறேன்.

ஃபைலில் வரிக்கு ஒரு பெயர், சமக்குறி, மதிப்பு. மொத்தம் 43 செட்டிங். பார்சர் ஒரே ஃபங்ஷன்: மேலே ஃபைலைத் திறக்கிறது, வரி படிக்க மெமரி வாங்குகிறது, அப்புறம் லூப். லூப்புக்குள் வரிசையாக 43 மேக்ரோ அழைப்புகள் (மேக்ரோ என்றால் கம்பைலுக்கு முன்பே அந்த இடத்தில் நிரல் வரிகளாக விரியும் சுருக்கப் பெயர்). எண்ணுக்கு ஒரு மேக்ரோ, ஆம்/இல்லைக்கு ஒன்று, ஸ்டிரிங்குக்கு ஒன்று. எண் மேக்ரோவை விரித்தால் மூடும் அடைப்புக்குறியில் தொடங்கி 'எல்ஸ் இஃப்' வருகிறது. பெயரை ஒப்பிடுகிறது, ஹெல்பரைக் கூப்பிட்டு எண்ணை எடுக்கிறது, எல்லைக்கு வெளியே இருந்தால் லாக் எழுதிவிட்டு அங்கேயே ரிட்டர்ன் -1.

அந்த ரிட்டர்ன்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அழைக்கும் இடத்தைப் பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஃபைல் மூடப்படாது, மெமரி விடுவிக்கப்படாது. சிக்ஹப் என்ற லினக்ஸ் சிக்னல் வந்தால் செட்டிங்ஸை மறுபடி படிக்கிறோம். ஆகவே ஃபைல் தப்பாக இருக்கும்போது ஒவ்வொரு ரீலோடுக்கும் ஒரு டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கு லினக்ஸ் தரும் எண்) காலி. எங்கள் போர்டில் ஒரு பிராசஸுக்கு 1024தான் உச்சம். மேக்ரோக்களை எடுத்துவிட்டு டேபிளும் ஃபங்ஷனுமாக மாற்றச் சொன்னேன். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழையசி:
ரிட்டர்னைத் திட்டுங்கள், நியாயம். அதற்காக மேக்ரோவை ஏன் திட்டுகிறீர்கள்? ரெடிஸ் என்ற டேட்டாபேஸில் 5-ஆம் பதிப்பு வரை, ஓடும்போது செட்டிங் மாற்றும் பகுதி அச்சு அசல் இதே வடிவம்தான். மூடும் அடைப்புக்குறியில் தொடங்கும் மேக்ரோ, சங்கிலியைத் தொடங்கி வைக்க மேலே 'இஃப் 0' என்று ஒரு போலி வரி, மதிப்பு சரியில்லை என்றால் பிழை லேபிளுக்கு ஒரு கோட்டூ (அந்த இடத்துக்குத் தாவும் கட்டளை). உலகம் முழுக்க ஓடியது.

உங்கள் தம்பியிடம் ரிட்டர்னை கோட்டூவாக மாற்றச் சொல்லுங்கள். கீழே ஒரே இடத்தில் ஃபைலை மூடி மெமரியை விடட்டும். பத்து நிமிட வேலை. 43 'எல்ஸ் இஃப்'களைக் கையால் எழுதினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: மேல் வரியை நகலெடுத்து ஒட்டுவார்கள், பெயரை மாற்றுவார்கள், எல்லையை மாற்ற மறப்பார்கள்.

சிவப்புமை:
பழையசி சார், கையால் 43 எழுதச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லையே.

லினக்ஸ் கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம், மேக்ரோவில் தவிர்க்க வேண்டியவை என்று சொல்லும்போது முதலில் வைப்பது ஓட்டத்தை மாற்றும் மேக்ரோவை. ஒளிந்திருக்கும் ரிட்டர்ன்தான் அங்கே உதாரணமே. இரண்டாவது, வெளியே குறிப்பிட்ட பெயரில் ஒரு லோக்கல் வேரியபிள் இருக்கும் என்று நம்பி எழுதும் மேக்ரோ. உங்கள் கோட்டூ வைத்தியத்தில் முதலாவது அப்படியே இருக்கிறது, இரண்டாவதோடு ஒரு லேபிள் பெயரும் சேர்ந்துகொள்கிறது.

அப்புறம் ஜிடிபி, ஓடும் நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் டீபகர். மேக்ரோ விரிவது முழுக்க மூல நிரலில் ஒரே வரி. பிரேக்பாயிண்ட் வைக்கலாம், ஆனால் உள்ளே படிப்படியாக நகர முடியாது. -ஜி3 போட்டுக் கம்பைல் செய்தால் மேக்ரோ எப்படி விரிகிறது என்று ஜிடிபியிலேயே பார்க்கலாம், உண்மைதான். பார்க்கத்தான் முடியும், நடக்க முடியாது.

நான் இருப்பது வாகன மென்பொருளில். மிஸ்ரா சி 2012 என்ற சி நிரல் விதித் தொகுப்பில் 4.9 என்று ஒரு வழிகாட்டுதல்: ஃபங்ஷன் போதுமான இடத்தில் ஃபங்ஷன் மாதிரியான மேக்ரோ வேண்டாம். கட்டாயம் இல்லை, ஆலோசனைதான். ஆனாலும் எங்கள் ரிவ்யூவில் ஒவ்வொரு மீறலுக்கும் எழுத்தில் காரணம் கேட்பார்கள்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு டைரக்டிவுக்கும், அதாவது செட்டிங்குக்கும், டேபிளில் ஒரு பதிவு: பெயர், எந்த ஃபங்ஷன், ஸ்ட்ரக்டில் (மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் மெமரி அமைப்பில்) எத்தனையாவது பைட்டில். ஆன்/ஆஃபுக்கு ஒரு ஃபங்ஷன், எண்ணுக்கு ஒன்று, மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஆன்/ஆஃப் படிக்கும் ஃபங்ஷன் 'யெஸ்' என்று கொடுத்தால் ஏற்காது. அதே டைரக்டிவை இரண்டாவது முறை எழுதினாலும் பிழை. இத்தனையும் ஒரு ஃபங்ஷனுக்குள், அங்கே பிரேக்பாயிண்ட் வைத்து நிதானமாக நடக்கலாம்.

பழையசி:
அந்த டேபிளில் வாய்டு ஸ்டார் (டைப் சொல்லாத வெறும் மெமரி முகவரி) என்று ஒருவர் உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டீர்கள், மேடம்.

போர்ட் நம்பரை யாரோ இன்ட் ஆக வைத்திருந்தார்கள், இன்னொருவர் வந்து மெமரி மிச்சம் என்று 16 பிட் ஆக்கிவிட்டார். டேபிளில் இன்னும் இன்ட் ஃபங்ஷன். அது 4 பைட் எழுதும். இடம் 2 பைட்தான். லிட்டில் எண்டியன் போர்டு (எண்ணின் சிறிய பைட் முதலில் வரும்) என்பதால் போர்ட் நம்பர் சரியாகவே இருக்கும். ஆனால் அடுத்து 16 பிட்டில் ஒரு டைம்அவுட் இருந்தால் அது சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். கம்பைலர் மூச்சுகூட விடாது. மேக்ரோவில் நேரடியாக அசைன் செய்தால் டைப் கண்ணெதிரே இருக்கிறது, -டபிள்யூகன்வர்ஷன் போட்டால் எச்சரிக்கும்.

ஃபங்ஷன் என்றாலே பத்திரம் என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது.

சிவப்புமை:
நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்து இருக்கிறது. சி மொழியின் 2011 ஸ்டாண்டர்டான சி11-இல் வந்த ஜெனரிக்கை வைத்து, ஃபீல்டின் டைப்பைப் பார்த்து ஃபங்ஷனைக் கம்பைலரே தேர்ந்தெடுக்கும்படி டேபிளை எழுதலாம். இன்ட் என்றால் இன்ட் ஃபங்ஷன், 16 பிட் என்றால் அதற்குரியது. பட்டியலில் இல்லாத டைப் என்றால் கம்பைலே ஆகாது.

பழையசி:
அந்த ஜெனரிக்கை 43 தடவை கையால் எழுதுவீர்களா, இல்லை ஒரு மேக்ரோவில் போர்த்துவீர்களா? :)

சிவப்புமை:
மேக்ரோவில்தான். டேபிளில் ஒரு வரியை நிரப்பும் மேக்ரோ, அவ்வளவே. அது எங்கேயும் தாவாது, எதையும் திருப்பியனுப்பாது. ரெடிஸும் 6-இல் அங்கேதான் வந்து சேர்ந்தது. பழைய 'எல்ஸ் இஃப்' சங்கிலியை விட்டுவிட்டு, பூலியன் செட்டிங்குக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என்று டேபிள் நிரப்பும் மேக்ரோக்கள். நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட்டவரே கட்சி மாறிவிட்டார், சார்.

ரஸ்ட்பக்தன்:
ரஸ்ட் மொழியில் செர்டே லைப்ரரி போட்டால் நாலு வரியில் முடியும் வேலைக்கு இவ்வளவு சண்டையா?

பழையசி:
வாங்க தம்பி, இன்னும் காணோமே என்று பார்த்தேன்.

கேஆர்புரம்வாசி:
எல்லோரும் மேக்ரோவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஓசூர்ரோடு, அந்த ஹெல்பர்களுக்குள் என்ன இருக்கிறது?

ஓசூர்ரோடு:
எல்லாம் சி லைப்ரரி ஃபங்ஷன்கள்தான்: எண்ணுக்கு ஏடோஐ. ஸ்டிரிங்குக்கு எஸ்டிஆர்என்காப்பி, பெரும்பாலான ஃபீல்டு 32 பைட். முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை வெட்ட இஸ்ஸ்பேஸ்.

கேஆர்புரம்வாசி:
சந்தேகப்பட்டேன். மேக்ரோ எல்லாம் அப்புறம், முதலில் இதைப் பாருங்கள்.

ஏடோஐக்குப் பிழை சொல்லவே தெரியாது. '30எஸ்' என்று கொடுத்தால் 30. 'முப்பது' என்று கொடுத்தால் 0. இன்ட்டில் அடங்காத எண் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஸ்டாண்டர்டே கைவிரித்துவிட்டது. உங்கள் எல்லைச் சோதனையில் 0 அனுமதி என்றால் குப்பை எல்லாம் நல்ல மதிப்பாக உள்ளே போகும்.

அதற்குப் பதில் எஸ்டிஆர்டோஎல் எடுங்கள். ஆனால் அதைச் சும்மா கூப்பிட்டால் ஏடோஐதான். கூப்பிடும் முன் எர்நோவை (லைப்ரரி பிழை எண்ணை எழுதும் வேரியபிளை) 0 ஆக்க வேண்டும். முடிந்தபின், எதுவரை படித்தது என்று காட்டும் முடிவுப் பாயிண்டர் தொடங்கிய இடத்திலேயே நின்றால் எண்ணே இல்லை என்று பொருள். அது ஸ்டிரிங்கின் கடைசியில் நிற்காவிட்டால் பின்னால் குப்பை. எர்நோவில் ஈரேஞ்ச் இருந்தால் எண் அடங்கவில்லை. நெகட்டிவ் வேண்டாம் என்று, குறியில்லா எண் தரும் எஸ்டிஆர்டோயூஎல்லுக்குப் போய்விடாதீர்கள். அது '-1'-ஐ வாங்கிக்கொண்டு மிகப் பெரிய எண்ணைப் பிழையில்லாமல் திருப்பித் தரும்.

பேஸ் (எண் அடிமானம்) 10 என்று கொடுங்கள், 0 வேண்டாம். இன்வெர்ட்டர் என்றால் மாட்பஸ் என்ற தகவல் நெறிமுறை இருக்கும், டிசிபியில் அதன் போர்ட் 502. கூரையில் நிற்கும் டெக்னீஷியன் நாலு இலக்கமாக இருக்கட்டும் என்று '0502' அடிக்கிறார். பேஸ் 0 என்றால் முன்னால் 0 வந்ததும் அது ஆக்டல், அதாவது எட்டடிமான எண்: 5×64 + 2 = 322. பெட்டி 322-ஐத் தட்டிக்கொண்டே இருக்கும், ஃபைலைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

அடுத்தது ஸ்டிரிங். உங்கள் சைட் பெயரைத் தமிழில் வைப்பார்களா?

ஓசூர்ரோடு:
வைப்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நிறைய பெட்டி போகிறது.

கேஆர்புரம்வாசி:
அப்படியானால் 'கிருஷ்ணகிரி'யையே எடுப்போம். எழுத்தும் குறியுமாக 11 யூனிகோடு புள்ளிகள். யூடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33. உங்கள் இடம் 32. எஸ்டிஆர்என்காப்பி 32 பைட்டை நிரப்பிவிட்டு நிற்கும். கடைசி இகரக் குறியில் ஒரு பைட் அறுந்துபோகும், ஸ்டிரிங் முடிந்தது என்று காட்டும் முடிவுச் சுழியமும் போடாது. ஸ்ட்ரக்டில் அடுத்த ஃபீல்டு என்ன?

ஓசூர்ரோடு:
எம்க்யூடிடி (செய்தி அனுப்பும் நெறிமுறை) பாஸ்வேர்டு. அதுவும் 32 பைட் கேரக்டர் அரே.

கேஆர்புரம்வாசி:
பிரமாதம். சைட் பெயரை லாக்கில் எழுதும்போதெல்லாம் பாஸ்வேர்டும் கூடவே ஊர்வலம் போகும். சுழியம் தேடிப் போகிற பிரிண்ட்எஃபுக்கு இரண்டு அரேக்கும் நடுவே சுவர் கிடையாது.

எஸ்டிஆர்எல்காப்பி சுழியத்தைப் போட்டுவிடும். ஓப்பன்பிஎஸ்டியில் 1998-லிருந்து இருக்கிறது, லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சிக்கு 2023-இல், 2.38-இல்தான் வந்தது. பழைய டூல்செயின் என்றால் நீங்களே எழுத வேண்டும். ஆனால் வெட்டுவதும் தப்புதான், பாதி எழுத்தோடு போனால் சர்வர் பக்கம் ஜேசன் பார்சர் கத்தும். நீளம் மீறினால் பிழை என்று நிறுத்துவதே மேல்.

இஸ்ஸ்பேஸும் இருக்கிறது. தமிழ் எழுத்தின் முதல் பைட் 0எக்ஸ்இ0, அதாவது 224. லேப்டாப்பில், அதாவது எக்ஸ்86-இல், கேரக்டர் டைப்புக்குக் கூட்டல்/கழித்தல் குறி உண்டு. ஆகவே அது -32. நெகட்டிவ் எண்ணை இஸ்ஸ்பேஸுக்குக் கொடுக்கக் கூடாது, அன்சைண்டு கேரக்டர் ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். ஜிலிப்சி பொறுத்துக்கொள்ளும், அதன் டேபிள் -128-லிருந்தே தொடங்குகிறது. ஆர்ம் லினக்ஸில் கேரக்டருக்குக் குறியே இல்லை, அதனால் போர்டிலும் தெரியாது. வேறு சி லைப்ரரிக்கு மாறும் நாளில்தான் தெரியும்.

பொம்மசந்திரா:
அந்த 'தம்பி' நான்தான். ஓசூர்ரோடு அண்ணன் லிங்கை டீம் குரூப்பிலேயே போட்டுவிட்டார்.

ஹெல்பர் விஷயத்தில் வாதமே இல்லை, இன்றைக்கே மாற்றுகிறேன். விண்டோஸில் எடிட் செய்த ஃபைல் வந்தால் வரிக் கடைசியில் வரும் சிஆர் எழுத்தை இஸ்ஸ்பேஸ்தான் வெட்டித் தருகிறது, அது போனால் 'ஆன்' என்பது 'ஆன்' ஆக இருக்காது. அதனால் அன்சைண்டு காஸ்ட் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

மேக்ரோவை மட்டும் விடமாட்டேன். ரிட்டர்ன் ஒளிந்திருப்பது தப்பு இல்லை, எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் விஷயம். ஃபங்ஷனை இரண்டாக வெட்டுகிறேன். வெளியே இருப்பது ஃபைலைத் திறக்கும், மெமரி வாங்கும், மூடும். உள்ளே இருப்பது ஒரே ஒரு வரியை வாங்கி 43 மேக்ரோவில் ஓட்டும். அதன் கையில் ஃபைலும் இல்லை, மெமரியும் இல்லை. ரிட்டர்ன் எங்கிருந்து வந்தாலும் கசிய ஒன்றும் கிடையாது.

பழையசி:
சபாஷ். என் கோட்டூவைவிட இது சுத்தம்.

சிவப்புமை:
கசிவு தீர்ந்தது, சரி. ஜிடிபி கஷ்டம் தீரவில்லை. இன்னொன்று: 20-ஆவது வரியில் பிழை என்றால் முதல் 19 வரி ஏற்கெனவே ஓடும் ஸ்ட்ரக்டில் எழுதப்பட்டிருக்கும். பாதி புதுசு, பாதி பழசோடு பெட்டி ஓடும். கசிவைவிட எனக்கு இதுதான் பயம். தற்காலிக ஸ்ட்ரக்டில் படித்து, எல்லாம் தேறினால் மட்டும் மாற்றுங்கள். என்ஜின்எக்ஸுக்கு ரீலோடில் தப்பான ஃபைலைக் கொடுத்தால் பழையதோடே ஓடிக்கொண்டிருக்கும்.

ஓசூர்ரோடு:
இது என் கண்ணில் படாதது, நன்றி. அப்படியானால் இரண்டு பேட்சாகப் பிரிப்போம். முதலாவதில் ஹெல்பர், வெட்டிய ஃபங்ஷன், தற்காலிக ஸ்ட்ரக்ட். டேபிள் அடுத்த ரிலீஸுக்கு.

சிவப்புமை:
'அடுத்த ரிலீஸுக்கு' என்று தள்ளிய ரீஃபாக்டரிங் எது வந்திருக்கிறது? இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மடிவாளாவில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள்.

பொம்மசந்திரா:
அக்கா, எனக்குச் சேலம் பஸ் பத்து மணிக்குத்தான், நேரம் இருக்கிறது. செட்டிங் எண்ணிக்கை 43-லிருந்து 80 ஆனால் நானே டேபிளுக்கு மாற்றுகிறேன். இப்போது வேறு ஒரு சந்தேகம். அதே பெயர் ஃபைலில் இரண்டு முறை வந்தால்? என் நிரலில் கடைசியில் வந்தது நிற்கும்.

கேஆர்புரம்வாசி:
இதில் ஊருக்கு ஒரு வழக்கம். கிட் (நிரல் பதிப்புகளைக் காக்கும் கருவி) தன்னிடம் ஒற்றை மதிப்பு கேட்டால் கடைசியில் வந்ததைத் தரும். தொலை லாகின் கருவியான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் பெரும்பாலான செட்டிங்குக்கு முதலில் வந்ததே நிற்கும். என்ஜின்எக்ஸ் பெரும்பாலும் பிழை என்று நிறுத்திவிடும்.

பழையசி:
கடைசி நிற்பதே வசதி. ஃபேக்டரி ஃபைலின் அடியில் டெக்னீஷியன் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சிவப்புமை:
அந்த ஃபைலில் அதே போர்ட் நாலு தடவை சேர்ந்த பிறகு எது ஓடுகிறது என்று ஃபோனில் கேட்கப்போவது நீங்களா, சார்? பிழை என்று நிறுத்துங்கள், இரண்டு வரி எண்ணையும் லாக்கில் சொல்லுங்கள். டேபிள் இருந்தால் ஒவ்வொரு பதிவிலும் 'முதலில் பார்த்த வரி' என்று ஒரு ஃபீல்டு சேர்த்தால் முடிந்தது. 43 மேக்ரோவில் அதை எங்கே வைப்பீர்கள் என்று பார்க்கிறேன்.

பொம்மசந்திரா:
...அதற்கு ஒரு தனி அரே வேண்டும். சரி, எழுதிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன்.