ஆட்வேருக்குத் தமிழ்ச்சொல்: ‘திணிநிரல்’ பற்றி ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

சென்ற வாரம் நம் குழுவில் தொடங்கிய உரையாடல் இழையில், விளம்பரம் காட்டும் மென்பொருளான ‘ஆட்வேர்’ என்பதற்கு ‘விளம்பர மென்பொருள்’, ‘விளம்பரப்பொருள்’, ‘புல்லுருவி’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன. பட்டர்வொர்த்தில் மூத்தோருக்காக நான் நடத்திவரும் ஞாயிற்றுக்கிழமைக் கணினி வகுப்பின் கையேட்டில் மூன்றையும் மாறி மாறி எழுதிப் பார்த்தேன். எதுவும் நிறைவளிக்கவில்லை. அதற்கான காரணங்களோடு நான்காவதாக ஒரு சொல்லையும் இம்மடலில் வைக்கிறேன்.

இச்சொல்லில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு, எங்கள் வகுப்புக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்த இழப்பே காரணம். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் தாம் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகளை மாற்றுவதற்காக, இலவச மாற்றி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தரவிறக்கி, நிறுவும்போது வந்த பெட்டிகளிலெல்லாம் ‘நெக்ஸ்ட்’ என்பதை அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். மறுநாள் உலாவியின் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் மாறியிருந்தன. நாள்தோறும் அவர் படிக்கும் தமிழ்ச் செய்தித் தளத்தின் சொற்களுக்கு அடியில் கோடுகள் முளைத்து, சுட்டியைக் கொண்டுபோனாலே விளம்பரங்கள் விரிந்தன. அந்தத் தளமே தரங்கெட்டுவிட்டதாக எண்ணி அவர் வருந்தினார். பிறகு, “வைரஸ் வந்துவிட்டது” என்று சொல்லிக் கணினியைக் கடையில் கொடுத்தார். வைரஸ் என்று கேட்ட கடைக்காரர், வைரஸுக்குச் செய்வதைச் செய்தார்: வட்டு முழுவதையும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவிக் கொடுத்தார். கட்டுரைகளும் பேரப்பிள்ளையின் படங்களும் அதோடு போயின. வீட்டுக்கு வந்தவர், மாணவர் ஒருவரிடம் எஞ்சியிருந்த சில கோப்புகளை மாற்றுவதற்காக அதே மாற்றியை அதே பக்கத்திலிருந்து மீண்டும் இறக்கினார். விளம்பரங்களும் திரும்பி வந்தன.

“தம்பி, அழித்த பிறகும் எப்படி வந்தது?” என்று அவர் என்னிடம் கேட்டபோதுதான், தவறு அவருடையதும் அன்று, கடைக்காரருடையது மட்டும் அன்று, நோய்க்குச் சரியான பெயர் நம்மிடம் இல்லாததே முதன்மையான குறை என்று எனக்குத் தோன்றியது. நச்சுநிரல், அதாவது வைரஸ், தன்னைத்தானே படியெடுத்துக் கோப்புக்குக் கோப்பு பரவும். ஆட்வேரோ பெரும்பாலும் அப்படிப் பரவுவதில்லை. நாம் விரும்பி நிறுவும் இன்னொன்றின் முதுகில் ஏறி, முன்கூட்டியே குறியிட்டு வைத்த ஒரு சிறு கட்டத்தின் வழியாக, நம் கையாலேயே உள்ளே வருகிறது. ஆதலால் அதை நீக்க வட்டை அழிக்க வேண்டியதில்லை. வந்த வழியை அடைக்காவிட்டால் வட்டை அழித்தும் பயனில்லை. பெயரிலேயே இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் டீச்சரின் கட்டுரைகள் தப்பியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘விளம்பரப்பொருள்’ என்றால் விளம்பரம் செய்யப்படும் சரக்கு என்றே எவரும் கொள்வர். அதை விட்டுவிடலாம். ‘புல்லுருவி’ அழகான சொல். மரத்தின் மேல் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சும் செடியின் பெயர் இங்கே நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அந்த உவமை உளவு பார்க்கும் நிரலுக்கும், பிறர் கணினியில் மின்காசு (கிரிப்டோ நாணயம்) தோண்டும் நிரலுக்கும் அதே அளவு பொருந்துவதால், ஆட்வேருக்கென்று அதை ஒதுக்கிவைக்க இயலாது.

‘விளம்பர மென்பொருள்’ என்பதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் ஆதரிப்பதும், மலாய்மொழியின் ‘பெரிசியான் இக்லான்’ என்பதற்கு நேராக நிற்பதும் அதுவே. அதன் குறை ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. ‘ஆட்வேர்’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஓப்பெரா உலாவி 2000-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2005 செப்டம்பர் வரை இலவசமாகக் கிடைத்தபோது, தன் சாளரத்தின் ஒரு பகுதியில் விளம்பரப் பட்டை ஒன்றைக் காட்டியது. பணம் செலுத்தினால் பட்டை மறையும், உலாவியை நீக்கினால் பட்டையும் போய்விடும். இது ஒளிவுமறைவற்ற ஏற்பாடு. இதையும் அன்று ‘ஆட்வேர்’ என்றுதான் அழைத்தார்கள்.

மற்றொரு பக்கம் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலைப் பாருங்கள். 2014 செப்டம்பரிலிருந்து சில மாதங்கள் லெனோவோவின் சில மடிக்கணினிகள் இதை உள்ளே வைத்தே விற்பனைக்கு வந்தன. பிறருடைய தேடல் பக்கங்களுக்குள் தன் விளம்பரங்களைச் செருகுவதற்காக, மறைகுறியாக்கப்பட்ட இணைப்புகளுக்கு நடுவிலும் அது புகுந்தது. அதற்கெனத் தன்னுடைய மூலச் சான்றிதழ் ஒன்றை, அதாவது ஒரு தளம் உண்மையானதுதான் என்று கணினி நம்புவதற்கு அடிப்படையான சான்றை, கணினியில் பதித்துக்கொண்டது. எல்லாக் கணினிகளிலும் ஒரே திறவுகோல் இருந்ததால், அதைக் கைப்பற்றிய எவரும் வங்கித் தளம்போல் நடிக்க வழி ஏற்பட்டது. 2015 பிப்ரவரியில் இது வெளிச்சத்துக்கு வந்த பிறகு நிரலை நீக்கியவர்களின் கணினியில்கூட அந்தச் சான்றிதழ் தங்கிவிட்டது. அதைத் தனியே தேடி அழிக்க வேண்டியிருந்தது.

ஓப்பெராவின் பட்டையையும் சூப்பர்ஃபிஷையும் ஒரே பெயரால் அழைப்பது, வாசலில் கடை போட்டவரையும் சுவரேறிக் குதித்தவரையும் வணிகர் என்றே அழைப்பதற்கு ஒப்பாகும். ஆங்கிலத்தின் இந்தக் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? முதல் வகையை ‘விளம்பரம் தாங்கிய மென்பொருள்’ என்று விளக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்குக் கலைச்சொல் தேவையில்லை. இரண்டாம் வகைக்குத்தான் பெயர் வேண்டும். அவ்வகையின் இயல்பு விளம்பரத்தில் இல்லை, இசைவில்லாமல் புகுத்துவதில் இருக்கிறது.

ஆகவே நான் முன்மொழியும் சொல் ‘திணிநிரல்’. முதன்முறை எழுதுகையில் ‘விளம்பரத் திணிநிரல்’ என்றும், பின்னர்த் ‘திணிநிரல்’ என்றும் ஆளலாம். நச்சுநிரல் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் ‘நிரல்’ எவருக்கும் புதிதாக இராது. ‘திணிநிரலை நீக்கு’, ‘திணிநிரல்களால்’, ‘திணிநிரல் நீக்கி’ என்று வேற்றுமையும் பன்மையும் இடறாமல் ஒட்டுகின்றன.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து

---

கோலாலம்பூரிலிருந்து மறுமொழி:

பினாங்கு நண்பருக்கு வணக்கம். டீச்சரின் கட்டுரைகள் போனதைப் படித்து வருந்தினேன். சொல்லைப் பற்றி எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன.

முதலாவது இலக்கணம். ‘திணிநிரல்’ என்பது வினைத்தொகையானால், அது திணிக்கும் நிரலா, திணிக்கப்படும் நிரலா? ‘குடிநீர்’ என்பது குடிக்கப்படும் நீர். அதே முறையில் கொண்டால், இது திணிக்கப்படும் நிரல் என்றாகிவிடும். உங்கள் பொருள் அதுவன்று. இரண்டாவது, நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் ‘பெரிசியான் இக்லான்’ என்று படித்துவிட்டு வருகிறார்கள். ‘இக்லான்’ விளம்பரம் என்பதால், ‘விளம்பர மென்பொருள்’ என்றால் உடனே இணைத்துப் புரிந்துகொள்வார்கள். ‘திணிநிரல்’ என்றால் தனியே விளக்க வேண்டியிருக்குமே?

---

பட்டர்வொர்த்திலிருந்து மீண்டும்:

ஐயா, உங்கள் முதல் ஐயம் இச்சொல்லைப் பற்றி நானே காணாத ஒன்றைக் காட்டியது; நன்றி. ‘குடிநீர்’ செயப்படுபொருளைக் குறிப்பதுபோலவே, ‘கொல்களிறு’ என்பது கொல்லும் களிற்றைக் குறித்து வினைமுதலுக்கும் வருகிறது. வினைத்தொகைக்கு இரண்டும் ஆகும். ஆட்வேரைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் உண்மையே. வேறொரு மென்பொருளின் நிறுவிக்குள் அது திணிக்கப்படுகிறது. கணினிக்குள் வந்தபின் பிறருடைய பக்கங்களில் விளம்பரத்தைத் திணிக்கிறது. வந்த வழியையும் செய்யும் தொழிலையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. வினைத்தொகையில் முக்காலமும் மறைந்து நிற்பதால், இன்று அமைதியாக இருந்து நாளை திணிக்கப்போகும் நிரலும் இதில் அடங்கும்.

இரண்டாவது ஐயத்தில் நியாயம் உண்டு. மலாய்ச் சொல்லோடு ஒட்டி நிற்பது இந்நாட்டு மாணவர்க்கு உதவி என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் முதன்முறை ‘விளம்பரத் திணிநிரல்’ என்று முழுமையாக எழுதச் சொன்னேன். ஆனால் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லின் அதே மயக்கத்தோடுதான் இருக்கிறது. ‘இணையம்’ என்ற சொல்லுக்கும் தொடக்கத்தில் விளக்கம் தேவைப்பட்டது. இன்று அதை விளக்குவார் யாருமில்லை.

ஒரு சொல் பயன்படுமா என்பதற்கு, அதைக் கொண்டு வழிமுறையை எழுதிப் பார்ப்பதே நல்ல தேர்வு. கையேட்டுக்காக நான் திருத்தி எழுதிய பகுதியைக் கீழே தருகிறேன். பிழையிருந்தால் சுட்டுங்கள்.

“திணிநிரல் புகுந்ததாக ஐயம் எழுந்தால், வட்டை அழிக்க எவருக்கும் இசைவளிக்காதீர்கள். முதலில், திணிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். திரையின் வலது கீழ்மூலையில் மட்டும் விளம்பரங்கள் எழுகின்றன என்றால், அது பெரும்பாலும் திணிநிரலே அன்று. ஏதோ ஒரு தளம் அறிவிக்கை காட்ட இசைவு கேட்டபோது நீங்கள் ‘அல்லவ்’ என்பதை அழுத்தியிருக்கலாம். உலாவியின் அமைப்புகளில் அறிவிக்கைப் பகுதிக்குச் சென்று அத்தளத்தின் இசைவை நீக்கினால் போதும்.

“பிற பக்கங்களுக்குள் விளம்பரம் முளைத்தால், விண்டோஸின் அமைப்புகளில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலை நிறுவிய நாள்படி அடுக்கிப் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளில் உங்களுக்குத் தெரியாத பெயர்கள் இருந்தால் அவையே முதலில் நீங்க வேண்டியவை. அடுத்து உலாவியின் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்), அதாவது உலாவியோடு சேர்க்கப்படும் சிறு நிரல்கள். நீங்கள் சேர்க்காத எந்த நீட்சியையும் நீக்குங்கள். நீக்கியது மறுபடி வந்தால், உங்கள் கணக்கின் ஒத்திசைவே (சிங்க்) அதை வேறொரு கணினியிலிருந்து கொண்டுவருகிறதோ என்று பாருங்கள். ஒத்திசைவை நிறுத்திவிட்டு, எல்லாக் கணினிகளிலும் அந்நீட்சியை நீக்கிய பிறகே மீண்டும் தொடங்க வேண்டும். வீட்டுக் கணினியின் உலாவி ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று சொன்னால், திணிநிரல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கொள்கையை (பாலிசி), அதாவது உலாவியின் அமைப்புகளைப் பூட்டிவைக்கும் கட்டளையை, பதித்திருக்கக்கூடும். உலாவியின் குறுக்குவழியை வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்தால், நிரலின் பெயருக்குப் பின்னால் ஓர் இணைய முகவரி ஒட்டியிருப்பதும் உண்டு. அந்த முகவரியை அழித்துவிடுங்கள்.

“இவற்றுக்குப் பிறகும் தொல்லை தீராவிட்டால், மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016-இல் தன்னுடையதாக்கிக்கொண்ட ஆட்வ்கிளீனர் என்ற இலவசத் திணிநிரல் நீக்கியை, அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்கி ஓட்டுங்கள். தேடல் முடிவில் முதலில் நிற்கும் விளம்பர இணைப்பிலிருந்து இறக்கினால், நீக்கியின் பெயரில் இன்னொரு திணிநிரலே வந்து சேரலாம்.”

தடுக்கும் வழிகளை இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்கிறேன். எந்த மென்பொருளையும் அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். நிறுவும்போது பரிந்துரைக்கப்பட்ட வழியை விட்டுவிட்டு ‘கஸ்டம்’ வழியைத் தெரிவுசெய்து, குறியிட்ட கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்து நீக்க வேண்டும். 2020 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் 10-இன் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். கட்டற்ற மென்பொருள்தானே என்று நம்பி எங்கிருந்தும் இறக்குவோருக்காக ஓர் எச்சரிக்கையும் சேர்த்தேன். கட்டற்ற மென்பொருள்களை இறக்கத் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ் அங்கிருந்த சில நிறுவிகளில் பிறருடைய நிரல்களும் சேர்க்கப்பட்டன; கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் குழுவினர் அவ்வாண்டே அத்தளத்தை விட்டு வெளியேறினர். 2016-இல் தளம் கைமாறிய பிறகு புதிய உரிமையாளர்கள் அத்திட்டத்தை நிறுத்தினர்.

சென்ற ஞாயிறு டீச்சரின் கணினியில் இந்த வரிசைப்படியே பார்த்தோம். நீட்சி ஒன்றும், அந்த மாற்றியோடு வந்த வேறு பெயருள்ள செயலி ஒன்றும் அகப்பட்டன. இரண்டையும் அவரே தம் கையால் நீக்கினார். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. ஒரு கோப்பும் போகவில்லை.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. விரும்பிய மென்பொருளையும் வேண்டாத நிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும் நிறுவிக்கு நம்மிடம் பெயர் இல்லை. ‘கூட்டு நிறுவி’ என்று கையேட்டில் இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் ‘கூட்டு’ என்பது கூட்டுறவுபோல் நல்ல பொருளையே நினைவூட்டுவதால் எனக்கு மனமில்லை. கையேட்டை இம்மாத இறுதியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் கோலாலம்பூர் நண்பர்கள் இதற்கொரு சொல் தந்தால் அதையே சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து